நான்கு கதவுகளும் ஒரு வினைச்சொல்லும்

நவம்பர் 3, வெள்ளி

கல்லூரிக்குப் போகும் வழியில் என் மனைவி சாந்தாமணி இன்றும் காரில் கைபேசியில் பேசிக்கொண்டே வந்தாள். உக்கடம் தாண்டியதும் ஆரம்பித்தவள், சுந்தராபுரத்தில் அவள் வேலை பார்க்கும் தபால் நிலைய வாசலில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. யாரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உதடுகள் அசைகின்றன, பக்கத்து இருக்கையில் இருக்கும் எனக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. இத்தனை சொற்களை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பேச ஒருத்திக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் காரணம் வேண்டும்.

பிற்பகல் முதுகலை மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு. அனைவரும் முனகினார்கள். ஈரோட்டிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளரும் முனகினார். மாணவர்களுக்கு மட்டும் அவர் சொன்னது புரிந்தது. முன்கூட்டியே ஏதோ ஏற்பாடு நடந்திருக்கிறது.

நவம்பர் 4, சனி

அழைப்பு மணி மறுபடியும் கெட்டுவிட்டது. மின்பணியாளர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். போன மாதம் வந்தபோதும் இதையேதான் சொன்னார். வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 6, திங்கள்

இதை எழுதுவதற்கே கை கூசுகிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

காலையில் நான் குளியலறையில் இருப்பதாக நினைத்து, சாந்தாமணி சமையலறையில் கைபேசியில் பேசினாள். குக்கரின் விசில் சரியாக வராததால் (ரப்பர் வளையம் தேய்ந்திருக்க வேண்டும்) வீடு அமைதியாக இருந்தது. நான் துண்டோடு கதவருகே நின்றேன். அவள் வழக்கத்துக்கு மாறாக உரக்கப் பேசினாள்.

"அவருங்களா? ஒண்ணும் கேக்கறதில்லீங்க. பக்கத்துல நின்னு பேசுனாலுங்கூடக் கேக்கறதில்ல. ஒரு வருசமாவே இப்புடித்தான்."

பிறகு ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை என்று சொன்னாள். "எப்படியாவது" என்பதும் "வந்துடறனுங்க" என்பதும் காதில் விழுந்தன. நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டாள்.

நான் எதையும் கேட்பதில்லை என்பது உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய சம்பளம், தோழிகள், பிறந்த வீட்டுப் பேச்சு எதையும் துருவிக் கேட்டவனில்லை. அதை என் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அது வேறு யாருக்கோ வசதியாக இருந்திருக்கிறது.

நவம்பர் 7, செவ்வாய்

பெயர் கிடைத்துவிட்டது. அவளுடைய கைபேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தபோது திரை ஒளிர்ந்தது. மணவாளன்.

நான் தமிழ்த் துறைத் தலைவன். மணவாளன் என்றால் என்ன பொருள் என்று எனக்கு அகராதி தேவையில்லை. என் மனைவியின் கைபேசியில் அந்தச் சொல் வேறொருவருக்குப் போயிருக்கிறது. என்னை அவள் எப்படிப் பதிந்து வைத்திருக்கிறாள் என்று பார்க்க என் கைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன். "இவர்" என்று வந்தது. ஒரு சுட்டுப்பெயர்.

நவம்பர் 9, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். காரின் கதவுகளுக்குச் சத்தத் தடுப்புப் போடப் போகிறேன்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். அவள் வீட்டில் பேச அஞ்சுகிறாள்; காரில் அஞ்சாமல் பேசுகிறாள். காரணம், பொள்ளாச்சி சாலையின் இரைச்சல். டயர் உறுமல், லாரி, காற்று எல்லாம் சேர்ந்து அவளுக்குத் திரை பிடிக்கின்றன. அந்தத் திரையைக் கிழித்துவிட்டால் பேச்சு என் மடியில் விழும். வெளியே சொல்ல நாகரிகமான காரணமும் இருக்கிறது: காரில் பாட்டு சரியாகக் கேட்பதில்லை. இது பொய்யும் இல்லை. இப்போதைய பாடகர்கள் உயிரெழுத்துகளை மட்டும் வழங்குகிறார்கள். க, ச, ட, த எதையும் உச்சரிப்பதில்லை. செய்தி வாசிப்பவர்களும் அப்படியே. மாணவர்களும் அப்படியே. தமிழ்நாட்டில் வல்லினம் அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதக் குறிப்பு எடுத்து வருகிறேன்.

சாயங்காலம் சிவானந்தா காலனியில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் சாதிக்கைப் பார்த்தேன். அவர் கதவைச் சுண்டுவிரலால் தட்டினார். "வெறும் தகரம் சார். தகர டப்பாக்குள்ள உக்காந்து கச்சேரி கேட்டா எப்படி சார் இருக்கும்? மொதல்ல கதவை ஊமையாக்கணும். அப்புறம்தான் ஸ்பீக்கர் பேசும்."

ஸ்பீக்கர் பேசுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னதும் சாந்தாமணியின் முகம் மாறியது. பதினோரு வருடமாக இந்தக் காரில் உட்கார்ந்து வருகிறவள், ஒருநாளும் அதன் கதவுகளைப் பற்றிக் கருத்துச் சொன்னதில்லை. இன்று என் எதிரே வந்து நின்று சொன்னாள்.

"ஏனுங்க, இருக்கற சத்தத்தையும் கொறச்சு என்னங்க பண்ணப் போறீங்க? பொறத்தால வர்றவன் ஹாரன் அடிச்சா எப்புடித் தெரியும்?"

சத்தம் குறைவதில் அவளுக்கு என்ன நட்டம்? எனக்கு விடை கிடைத்துவிட்டது.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

இந்த வருடப் பட்டாசுகள் மிக மந்தம். கட்டுப்பாடுகள் காரணமாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சரவெடி கொளுத்தினார். ஊசிவெடி போல இருந்தது. சாந்தாமணி மட்டும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மிகை நடிப்பு.

பெங்களூரிலிருந்து மகள் நன்முல்லை காணொளியில் வந்தாள். அவளும் முனக ஆரம்பித்துவிட்டாள். அம்மாவும் மகளும் பேசும்போது நான் அறைக்குள் போனேன். அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. முன்பெல்லாம் இரகசியம் பேசுகிறவர்கள் ஆள் வந்தால் நிறுத்துவார்கள். இவர்கள் என் முன்னாலேயே தொடர்கிறார்கள். துணிச்சல் முற்றிவிட்டது.

கடைசியில் மகள் திரைக்கு மிக அருகில் வந்து, "அப்பா, அம்மா சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாள்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றேன்.

நவம்பர் 18, சனி

நாள் முழுக்கக் கடையில். நான் கூடவே நின்றேன். இந்தத் தொழிலில் பாதி வேலையை மறைத்து முழு வேலை என்று காட்டிவிடுவார்களாம்.

முதலில் கதவின் உட்புறப் பலகையை நெம்பி எடுத்தார்கள். இவர்கள் அதை டோர் பேட் என்கிறார்கள். உள்ளே ஒரு பாலித்தீன் தாள், கறுப்புப் பசையில் ஒட்டியிருந்தது. அதையும் உரித்தால் கதவு என்பது வெறும் பொந்து. இத்தனை வருடம் இந்தப் பொந்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு பாதுகாப்பாக உணர்ந்திருக்கிறேன். வெளித்தகட்டின் உள்பக்கத்தைத் துடைத்து, ஒரு பக்கம் வெள்ளித்தாள் பூசிய கறுப்பு ரப்பர் அட்டையை ஒட்டி, சிறிய இரும்பு உருளையால் சப்பாத்தி தேய்ப்பதுபோல அழுத்தினார்கள். பிறகு உள்தகட்டின் பெரிய ஓட்டைகளையும் அதே அட்டையால் மூடினார்கள். அதற்கு மேல் நுரை அட்டை. ஒவ்வொரு கதவும் குளிருக்குப் போர்த்திக்கொண்டது போல ஆகிவிட்டது.

இடது முன்கதவின் அடிப்பக்கத்தில் சிறிய ஓட்டைகளை விட்டுவிட்டார்கள். அது சாந்தாமணி உட்காரும் பக்கம். சாதிக்கிடம் காட்டினேன். அவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஏதோ மழுப்பினார். இன்னும் கொஞ்சம் அட்டை செலவாகும் என்பதற்காகத்தான். நான் விடவில்லை; மிச்சத் துண்டுகளை வாங்கி நானே குனிந்து, ஒன்றுவிடாமல் அடைத்தேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக் காட்டினார். முன்பு டங்கென்று அதிரும். இப்போது பலாப்பழம் விழுந்ததுபோல ஒரு தொப். "பேங்க் லாக்கர் மாதிரி சார்" என்று கட்டைவிரலைத் தூக்கினார்.

திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.

நவம்பர் 20, திங்கள்

ஏமாற்றம். கார் கோயில் கருவறை போல இருந்தது. லாரிகள் ஓசையின்றி மிதந்து போயின. உக்கடம் தாண்டியதும் சாந்தாமணிக்கு அழைப்பு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சையும் அடக்கிக்கொண்டேன். உதடுகள் அசைந்தன. ஒன்றுமில்லை.

கதவு எவ்வளவு அமைதியானதோ அவ்வளவுக்கு அவள் குரலையும் இறக்கிவிட்டாள். இவ்வளவு துல்லியமாக ஒரு மனுஷி தன் குரலை அளந்து குறைக்க முடியும் என்று நான் எண்ணியதில்லை. மணவாளன் சாதாரண ஆளில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

காரில் ஒரு புதிய குறை. இண்டிகேட்டர் போட்டால் பச்சை அம்பு மினுக்குகிறது; சத்தம் வருவதில்லை. எவ்வளவு நாளாக என்று தெரியவில்லை. ஈச்சனாரியிலிருந்து கிணத்துக்கடவுவரை வலது அம்பு மினுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. பின்னால் வந்த டெம்போக்காரன் கையை ஆட்டி ஏதோ நாடகம் போட்டான். சாதிக் கம்பி எதையோ அறுத்துவிட்டார் என்று மாலையில் கடைக்குப் போனேன். சாந்தாமணியும் உடன் இருந்தாள்.

சாதிக் உள்ளே தலையை விட்டார். இண்டிகேட்டரைப் போட்டார். கொஞ்ச நேரம் அம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சாந்தாமணியைப் பார்த்தார். சாந்தாமணி கையை லேசாக அசைத்து, வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினாள்.

"சரி பண்ணிடலாம் சார்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார் சாதிக்.

இவரும் அவர்கள் பக்கம் போய்விட்டார்.

நவம்பர் 22, புதன்

சுந்தராபுரம் திருப்பத்துக்கு முன்னால், இடதுபக்கம் ஒடிக்கும்போது ஒரு தனியார் பேருந்து பக்கவாட்டில் வந்து நின்றது. கண்ணாடிக்கும் அதற்கும் ஒரு கை இடைவெளி. ஹாரன்கூட அடிக்காமல் இப்படி இடதுபுறம் நுழைகிறவர்களை என்ன செய்வது? ஓட்டுநர் சன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டு வாயைத் திறந்து மூடினார். பயணிகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

சாந்தாமணி என் முழங்கையைப் பற்றியிருந்தாள். நகம் பதிந்திருக்கிறது. இறங்கும்போது அழுதுகொண்டிருந்தாள். பேருந்து அவள் பக்கம்தான் வந்தது, பயம் இருக்கலாம். ஆனால் பயத்தில் அழுகிறவர்கள் இன்னொருவரைப் பார்த்து அழமாட்டார்கள். இவள் என்னைப் பார்த்து அழுதாள். அது குற்ற உணர்ச்சியின் அழுகை.

நவம்பர் 23, வியாழன்

நாளை வெள்ளிக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் ஓரிடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். வாயால் சொல்லவும் வெட்கம் போலிருக்கிறது.

ஆக நேருக்கு நேர் வைத்துத்தான் சொல்லப் போகிறார்கள். நல்லது. வேட்டி, நான்கு சட்டை, சவரப் பெட்டி, வல்லினக் கட்டுரைக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து டிக்கியில் போட்டுவிட்டேன். அவர்கள் சொல்வதைச் சொல்லட்டும். அங்கிருந்தே தாராபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன். இனி இந்த வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை. அவன் மனைவிக்கு என்னைப் பிடிக்காது. சமாளித்துக்கொள்ளலாம்.

இத்தனை வருடம் காலையில் யார் முதலில் காபி போடுவது என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நவம்பர் 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கிளம்பினோம். மழை தூறியது. காருக்குள் அப்படி ஒரு அமைதி. சாந்தாமணி இருக்கையில் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூட வாசிப்பு போல உரக்கப் பேசினாள்.

"ஏனுங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கோவப்படக் கூடாது."

நான் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "சாந்தா, இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுமே கேக்கலை."

அவள் என்னையே பார்த்தாள். "தெரியுமுங்க. ஒரு வருசமாத் தெரியும். அதுக்குத்தான் இப்பப் போறோம்."

இவ்வளவு நிதானத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "மணவாளனுக்கும் தெரியுமா?"

"பேரு எப்புடிங்க தெரியும் உங்களுக்கு?" என்றாள் ஆச்சரியமாக. "அவருதான் நான் சொன்னதை வெச்சே கண்டுபுடிச்சாரு. நேர்ல கூட்டிட்டு வாங்கன்னு ஒரு மாசமாச் சொல்றாரு."

"முல்லைக்கு?"

"அவதாங்க அவரைப் பத்தி எனக்குச் சொன்னதே."

பெற்ற மகள். நான் இண்டிகேட்டர் போட்டு, மௌனமாக மினுக்கும் பச்சை அம்பைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். டிக்கியில் இருக்கும் பையை நினைத்துக்கொண்டேன். நான்கு சட்டை போதாது என்று தோன்றியது.

அவள் காட்டிய இடத்தில் நிறுத்தினேன். மாடிப்படிக்கு மேல் ஒரு பலகை: காது கேட்கும் திறன் பரிசோதனை நிலையம். அதன் இரண்டாவது சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை சட்டையை நனைத்தது. சாந்தாமணி குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்தாள்.

கேள் என்னும் வினைக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு வருடந்தோறும் நடத்துகிறேன். வினவுதல் ஒன்று, செவியால் உணர்தல் மற்றொன்று. அதில் எந்த மாணவனும் சந்தேகம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்குமா என்று இப்போது சொல்வதற்கில்லை.

மணவாளன் தாடி வைத்த பையன். என் மாணவனாக இருக்கும் வயது. என்னை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்தார். அதன் கதவைக் கவனித்தேன். கனத்த கதவு, ஓரமெல்லாம் ரப்பர், உள்ளே நுரை அட்டை. சாத்தியபோது அதே பலாப்பழத் தொப். தொழிலில் ஓரளவு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலை சுத்தமாக இருந்தது.

காதுகளில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்தார்கள். சத்தம் வரும்போதெல்லாம் அழுத்த வேண்டும். சத்தமே வரவில்லை. இயந்திரத்தை இயக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் மணவாளனின் கை விசையைத் தொடுவது தெரிந்தது. அந்தக் கை அசையும்போதெல்லாம் பித்தானை அழுத்தினேன். மிக நல்ல மதிப்பெண் வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். மணவாளனின் புருவம் உயர்ந்தது. அவர் பின்னால் நின்ற சாந்தாமணி என் கண் போகும் திசையைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையை எடுத்து, அவர் கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்தாள்.

எத்தனையோ தேர்வறைகளில் இதை நான் மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன்.

மணவாளன் தாளைக் காட்டினார். கோடு இடப்பக்கம் சமவெளியாகப் போய், வலப்பக்கம் வால்பாறைச் சாலை போல இறங்கியது. உயிரெழுத்து எல்லாம் காதில் விழும், க, ச, த போன்ற எழுத்துகள் மேல் சுருதியில் இருப்பதால் விழாது என்று பொறுமையாக, உரக்கச் சொன்னார்.

"வல்லினம்" என்றேன்.

"என்னங்க சார்?"

ஒன்றுமில்லை என்றேன். ஒரு கட்டுரை அப்போது இறந்தது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒரு வாரம் பழகிப் பார்க்கச் சொல்லிக் கருவியை ஒரு பெட்டியில் கொடுத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாட்டவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள முடியாது. மாட்டும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி, சாவியைச் சாந்தாமணி வாங்கிக்கொண்டாள். தபால் நிலையத்தில் சேர்ந்த வருடம் உரிமம் எடுத்தவள். நன்றாகவே ஓட்டினாள். தாராபுரம் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 25, சனி

டிக்கியிலிருந்த பையைக் காணோம். மாடிக் கொடியில் என் நான்கு சட்டைகளும் காய்கின்றன. அவை அழுக்கானவை அல்ல. சவரப் பெட்டி அதன் இடத்தில் இருக்கிறது. சாந்தாமணி ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 27, திங்கள்

நேற்று இரவெல்லாம் மழை. சாந்தாமணி ஓட்டினாள். நான் இடப்பக்கம், அவளுடைய வழக்கமான இருக்கையில். உக்கடம் சிக்னலில் அவள் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்து, யாருக்கும் தெரியாமல் கருவியை மாட்டிக்கொண்டேன். ஆடியோவைச் சோதிக்கத்தான்.

முதலில் வந்தது ஒரு ட. டிக், டிக், டிக் என்று இண்டிகேட்டர் அடித்தது. இவ்வளவு சத்தமாகவா அது அடித்துக்கொண்டிருந்தது? அதை வைத்துக்கொண்டு ஒருத்தி உக்கடத்துக்கும் சுந்தராபுரத்துக்கும் நடுவில் எத்தனை நாள் என் டெம்போக்காரர்களைச் சகித்திருப்பாள்?

அடுத்து, வண்டி கிளம்பியதும் என் பக்கத்துக் கதவுக்குள் சளக் என்றது. பிரேக் போட்டால் முன்னால் ஓடி சளக். கிளம்பினால் பின்னால் வந்து சளக். கதவு நிறையத் தண்ணீர். மழைத்தண்ணீர் வடிவதற்காக அடியிலிருந்த ஓட்டைகளை நான் என் கையாலேயே அடைத்தேன். அன்று சாதிக் முகக்கவசத்துக்குள் என்ன சொன்னார் என்று இப்போது ஊகிக்க முடிகிறது.

மூன்றாவது சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த சிக்னலில் பச்சை விளக்கு விழுந்ததும், கியர் மாற்றிக்கொண்டே, சாலையைப் பார்த்தபடி, சாந்தாமணி தனக்குத்தானே சொன்னாள். க, ச, ட, த எதுவும் குறையவில்லை.

"ஒரு வருசமாப் பக்கத்துல உக்காந்து இந்த மனுசனைத் திட்டுனதெல்லாம் நல்லவேளை அவரு காதுல உளுகல."

நான் திரும்பினேன். "ஏதாச்சும் சொன்னயா?"

"ஒண்ணுமில்லீங்க" என்று உரக்கச் சொன்னாள்.

சுந்தராபுரம் வரும்வரை கதவுக்குள் தண்ணீர் ஆடிக்கொண்டே வந்தது. என்னென்ன திட்டினாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டது, கேட்கவில்லை.